ஒரே வாய்பாடு, வேறு வேறு சர்க்கரை: உங்கள் அனுபவம் என்ன?

சோதனைக்குழாய்:
கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வெள்ளைப் பொடிகளைக் கொடுத்து எது சுக்ரோஸ் (சமையல் சர்க்கரை), எது லாக்டோஸ் (பால் சர்க்கரை), எது மால்டோஸ் (மாவுச்சத்து உடைந்தால் வரும் சர்க்கரை) என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மூன்றிலும் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன். மூலக்கூறு நிறையும் ஒன்றே, சுமார் 342. வாய்பாட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பெனடிக்ட் கரைசல் (தாமிர அயனி உள்ள நீலக் கரைசல்; சர்க்கரை அந்த அயனியை ஒடுக்கினால் சிவக்கும்) சேர்த்துக் கொதிநீரில் வைத்ததும் இரண்டு குழாய்களில் செங்கல் சிவப்பு இறங்கியது. ஒன்று மட்டும் நீலமாகவே நின்றது. அதுதான் சுக்ரோஸ். குளுக்கோஸின் 1ஆம் கார்பனும் ஃபிரக்டோஸின் 2ஆம் கார்பனும் ஓர் ஆக்சிஜன் வழியாகப் பிணைந்துவிடுகின்றன. வளையம் திறக்க வேண்டிய இடங்கள் இரண்டுமே அதிலேயே மாட்டிக்கொள்வதால் தாமிர அயனியை ஒடுக்க ஆளில்லை. மற்ற இரண்டிலும் ஒரு குளுக்கோஸின் 1ஆம் கார்பன் சும்மா இருக்கிறது.

அந்த இரண்டையும் பிரித்தறிய ஓசசோன் சோதனை: சர்க்கரையை ஃபீனைல்ஹைட்ரசினோடு சூடாக்கி, உண்டாகும் படிகத்தின் வடிவத்தைப் பார்ப்பது. ஃபீனைல்ஹைட்ரசின் நச்சு, புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் வேலை. சூட்டில் ஒன்றும் தெரியாது. ஆறிய பிறகே மஞ்சள் படிகம் விழும். நுண்ணோக்கியில் மால்டோஸ் சூரியகாந்திப் பூ, லாக்டோஸ் பஞ்சு உருண்டை. பாடப்புத்தகப் படம் பொய் சொல்லவில்லை!

சுழற்சிமானி:
எனக்கு மறக்காதது ஒளிச்சுழற்சி அளந்ததுதான். சுக்ரோஸின் தன்சுழற்சி, அதாவது முனைவுற்ற ஒளியின் தளத்தை அது திருப்பும் அளவு, +66.5 பாகை (+ என்றால் வலப்பக்கம்). நீர்த்த அமிலம் சேர்த்தபின் அளவு மெல்ல இறங்கி, சுழியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஒரு நீர் மூலக்கூறு புகுந்து பிணைப்பை உடைக்கிறது, அவ்வளவுதான். வெளிவரும் குளுக்கோஸ் ஒளியை வலப்பக்கம் சுமார் 53 பாகை திருப்பும்; ஃபிரக்டோஸோ இடப்பக்கம் 92 பாகை. அதன் கைதான் ஓங்கும். எதிர்மாறு சர்க்கரை என்ற பெயருக்கு அன்றுதான் பொருள் புரிந்தது. அந்தக் கரைசலை நடுநிலையாக்கி பெனடிக்ட்டில் போட்டால் சிவக்கும், செய்து பாருங்கள்.

பால்_ஒவ்வாது:
நான் வேதியியல் படித்தவள் இல்லை. பால் குடித்தால் வயிறு உப்பும் என்பதால் லாக்டோஸ் கரைசலைக் குடிக்க வைத்து, விட்டுவிட்டு மூச்சை ஊதச் சொன்னார்கள். அதில் தேடியது ஹைட்ரஜன் வாயுவை. நம் செல்கள் அதை உண்டாக்குவதில்லையாம். கேலக்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் இடையிலுள்ள பீட்டா 1,4 பிணைப்பை (ஒன்றின் 1ஆம் கார்பனும் மற்றதன் 4ஆம் கார்பனும் சேரும் இடம்) வெட்டும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் குறைந்தால் லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியா நொதிக்க வைக்கும்; அந்த ஹைட்ரஜன் அதில்தான் வரும். என் மூச்சில் அதன் அளவு கூடிக்கொண்டே போனது. சரி, காரணமாவது தெரிந்ததே!

சோதனைக்குழாய்:
இதே பீட்டா 1,4 பிணைப்பு இரண்டு குளுக்கோஸுக்கு நடுவே இருந்தால் செல்லோபயோஸ் என்ற சர்க்கரை. அதை வெட்ட நம் குடலில் சரியான நொதி இல்லை. அதே பிணைப்பின் திசை மட்டும் மாறி ஆல்பா 1,4 என்றால் மால்டோஸ், எளிதாகச் செரித்துவிடும். அப்புறம், டிரெஹலோஸ் என்ற இன்னொரு இரட்டைச் சர்க்கரையை யாராவது பெனடிக்ட்டில் போட்டுப் பார்த்தீர்களா? இரண்டு குளுக்கோஸும் 1ஆம் கார்பன்களாலேயே பிணைந்திருப்பதால் அதுவும் நீலமாகத்தான் நிற்க வேண்டும்.