கணவர் பிரெஞ்சு, நான் இந்தியா. திங்கட்கிழமை நேர்காணல். 14 மாதம் பிரிந்து இருந்ததை எப்படிச் சொல்வது?

முத்தியால்பேட்டை மருமகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கடலூர் மஞ்சக்குப்பம். 2019இல் கல்யாணமாகிப் புதுச்சேரி வந்தேன். கணவர் பிறவியிலேயே பிரெஞ்சுக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், 1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது கொடுத்த ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே கான்சுலேட்டில் சான்றிதழ் வாங்கி, கல்யாணத்தை அங்கேயும் பதிந்து, லிவ்ரே என்கிற குடும்பப் பதிவுப் புத்தகத்தில் மகள் பெயர் வரைக்கும் ஏறிவிட்டது. பிரெஞ்சு மொழித் தேர்வில் பி1 நிலை பாஸ் செய்து, எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுப் போன வருடம்தான் ஃபைல் கொடுத்தேன். இப்போது வரும் திங்கள் இரண்டு பேரும் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரச்சினை இதுதான். 2023 ஜனவரியிலிருந்து 2024 மார்ச் வரை அவர் பாரீஸ் பக்கம் ஒரு கிடங்கில் வேலைக்குப் போயிருந்தார். நான் போகவில்லை. அவர் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது, பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது, வீட்டில் வேறு ஆள் கிடையாது. 14 மாதத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார், அதுவும் மூன்று வாரம். ஃபைல் எழுதிக்கொடுத்த ஆள், "அதை எல்லாம் சொல்லாதீங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போனார்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிடுங்க" என்கிறார். கணவரும் சரி என்று தலையாட்டுகிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்களா? யூட்யூபில் பயமுறுத்துகிற மாதிரி சரித்திரம், அரசியல் எல்லாம் கேட்பார்களா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்கால் மாப்பிள்ளை:

எங்கள் கதை தலைகீழ், மனைவி பிரெஞ்சு, நான்தான் மனு போட்டவன். எங்களை முதலில் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார்கள், அப்புறம் ஆளுக்கு இருபது நிமிடம் தனியாக. எல்லோரையும் அப்படிப் பிரித்துக் கேட்பார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கேள்விகள் எல்லாம் நம் வீட்டு விஷயம்தான். எங்கே பார்த்தீர்கள், யார் முதலில் எழுந்திருப்பது, மச்சினி என்ன படிக்கிறாள், கரண்ட் பில் யார் கட்டுவது.

ஃபிரிட்ஜ் யார் வாங்கியது என்று கேட்டார்கள். நான் "நான்தான்" என்றேன். அவள் "எங்க அப்பா வாங்கிக்கொடுத்தார்" என்று சொல்லியிருக்கிறாள். வெளியே வந்து வண்டியை எடுக்கும் வரைக்கும் சண்டை. ரெண்டு பேர் சொன்னதும் நிஜம், ஒன்று பழைய ஃபிரிட்ஜ், இன்னொன்று புதுசு! அதனால் எதுவும் ஆகவில்லை, ஃபைல் ஓகே ஆனது. ஒரே மாதிரி ஒப்பித்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சொல்தா பேரன்:

தங்கச்சி, அந்த எழுதிக்கொடுக்கிற ஆள் பேச்சைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு மருமகள்களுக்கு நான்தான் ஃபைல் பார்த்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் போட்டிருப்பது பிரெஞ்சு சிவில் சட்டம் 21-2 பிரிவின்படி. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருக்க வேண்டும். பிரான்சில் மூன்று வருடம் தொடர்ந்து இருந்ததும் இல்லை, வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் கணவர் பெயர் கான்சுலேட் பதிவேட்டில் இருந்ததும் இல்லை என்றால் ஐந்து வருடம். 2019 என்பதால் எந்தப் பக்கம் பார்த்தாலும் உங்களுக்கு இடிக்காது. பார்க்கப்போவது, கல்யாண நாளிலிருந்து மனதாலும் வாழ்க்கைச் செலவாலும் சேர்ந்து வாழ்வது நின்றுபோகாமல் இருக்கிறதா என்பதைத்தான். வேலைக்காகத் தனித்தனி ஊரில் இருந்தாலே சேர்ந்து வாழ்வது முறிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதே சட்டத்தில் 108ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குத் தனித்தனி இருப்பிடம் இருக்கலாம், அதனால் சேர்ந்து வாழும் கடமைக்குப் பங்கமில்லை என்று சொல்கிறது. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி எல்லாம் எத்தனை வருடம் தனியாக இருந்திருக்கிறாள், இந்த ஊருக்கு இது புதுசா?

ஆனால் பொய் சொன்னால் கதை வேறு. மூணு மாதத்துக்கு ஒரு தடவை வந்தார் என்று சொன்னால், அவர் பாஸ்போர்ட்டில் சென்னை ஏர்போர்ட் முத்திரை எங்கே என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? பதிவான பிறகு மோசடி என்று தெரிந்தாலும், தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்ய முடியும். உண்மையாக இருக்கிற கல்யாணத்துக்கு எதற்குப் பொய்ச் சாட்சி?

முத்தியால்பேட்டை மருமகள்:

அண்ணா, படித்ததும் பாதி உயிர் வந்தது. கணவரிடம் காட்டினேன், "அதான் நானும் சொன்னேன்" என்கிறார், எப்போது சொன்னாரோ. என்னென்ன காகிதம் எடுத்துப்போகட்டும்? ஜாயின்ட் அக்கவுண்ட் பாஸ்புக், கேஸ் பில், பாப்பா ஸ்கூல் ரசீது எல்லாம் ஃபைலிலேயே இருக்கிறது.

சொல்தா பேரன்:

அந்த 14 மாதத்துக்கு மட்டும் தனியாக ஒரு கவர் போடுங்கள். அவர் அனுப்பிய பணத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், அவருடைய வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வந்துபோன டிக்கெட், மாமியாரின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. தேதி வரிசையில் அடுக்குங்கள். வாட்ஸ்அப்பில் கொஞ்சியதை எல்லாம் முந்நூறு பக்கம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோகாதீர்கள், எங்கள் சின்ன மருமகள் அதைத்தான் செய்தாள், யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

லாஸ்பேட்டை ட்யூஷன் டீச்சர்:

பிரெஞ்சு பற்றி ஒரு வார்த்தை. நேர்காணலுக்கு என்று ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர்களை நிறைய பார்த்துவிட்டேன். நடுவில் ஒரு கேள்வி வந்தால் ரயில் தடம் புரண்ட மாதிரி நின்றுவிடுவார்கள். உங்கள் விஷயத்துக்கு எந்தெந்தச் சொல் வேண்டுமோ அதை மட்டும் பிடியுங்கள். மாமியாருக்கு உடைந்தது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி என்றால் அதற்கு "கோல் து ஃபெமூர்" என்று சொல்வார்கள், மாமியார் "பெல்மேர்", கிடங்கு "ஆந்த்ரப்போ". இந்த மூன்றையும் வைத்து அந்த வருடத்தை ஐந்து வாக்கியத்தில் சொல்லிப்பாருங்கள், சமைக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள். புரியாவிட்டால் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கலாம், தப்பே இல்லை.

சரித்திரக் கேள்விக்காகப் பயப்பட வேண்டாம். நீங்கள் யூட்யூபில் பார்த்துப் பயந்தது பிரான்சிலேயே குடியிருந்து டிக்ரி என்கிற அரசாணை மூலமாகக் குடியுரிமைக்குப் போடுகிறவர்களின் கதை. அவர்களுக்குத்தான் 2026இலிருந்து 40 கேள்வி, 45 நிமிடம், 32 சரியாக வர வேண்டும் என்கிற தேர்வு. அதற்காக ஜூலை 14 என்னவென்று தெரியாமல் போகாதீர்கள், அன்றைக்குக் கடற்கரைச் சாலையில் பழைய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், மெடல் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்கு வருவதை வருடா வருடம் பார்க்கிற ஊர்க்காரி நீங்கள்.

நெல்லித்தோப்பு:

எல்லோரும் பிரெஞ்சுப் பக்கம் மட்டுமே பேசுகிறீர்கள். இந்தியப் பக்கம் யோசித்தீர்களா? நமக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவு, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை, வாங்க வேண்டும். ஓட்டு கிடையாது. அரசு வேலை கிடையாது. இதைவிட முக்கியமானது, ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது, தானமாகவும் எழுதி வாங்க முடியாது. வாரிசாக வந்தால் மட்டும் சரி. கடலூர் பிறந்தகத்தில் உங்களுக்கு எதுவும் வர வேண்டியிருக்கிறதா?

முத்தியால்பேட்டை மருமகள்:

ஐயோ. பண்ருட்டி பக்கம் அம்மா பெயரில் 70 சென்ட் முந்திரித் தோப்பு இருக்கிறது. தம்பிக்கு வீடு, எனக்குத் தோப்பு என்று பேச்சு. செட்டில்மென்ட் எழுதித் தருகிறேன் என்று அம்மா ரெண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான்தான் அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஃபைல் ஓகே ஆக எப்படியும் ஒரு வருடம் ஆகும் இல்லையா, அதற்குள் எழுதிக்கொண்டால் போதுமா?

சொல்தா பேரன்:

போதாது! இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காகிதம் எல்லாம் சரியாகச் சேர்ந்ததும் ரெசெபிசே என்று ஒரு ரசீது தருவார்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவர்கள் மறுக்கலாம், மறுக்காவிட்டால் பதிவாகும். ஆனால் பதிவானதும் நீங்கள் பிரெஞ்சு ஆன தேதி என்பது பதிவான நாள் இல்லை, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிற அறிவிப்பில் நீங்கள் கையெழுத்து போட்ட நாள். திங்கட்கிழமை கையெழுத்து போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் தோப்பை எழுதி வாங்கினால், பின்னால் யாராவது தேதியை எடுத்து நீட்டினால் என்ன செய்வீர்கள்? அம்மாவைக் கூப்பிட்டு இந்த வாரமே முடியுங்கள். முடியாவிட்டால் நேர்காணலைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். எதற்கும் அங்கேயே ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.

வில்லியனூர் 88:

குறுக்கே ஒரு சந்தேகம். பிரெஞ்சு வந்தபிறகும் இந்திய பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான்...

நெல்லித்தோப்பு:

பிடிபடும் வரைக்கும் எல்லோரும் அப்படித்தான். அதை வைத்துப் பயணம் செய்தாலே குற்றம். இந்த இழையில் அந்தப் பேச்சு வேண்டாம் தம்பி.

முத்தியால்பேட்டை மருமகள்:

போய்விட்டு வந்தோம்! விவரம் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் கடலூர் போய் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பத்திரத்தை முடித்துவிட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல்ரேகை வைக்கும் மெஷின் அம்மா விரலை எடுக்கவே இல்லை, நாற்பது வருடம் முந்திரி உடைத்த விரல், ரேகை எல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, ஏழாவது தடவைதான் பச்சை விளக்கு எரிந்தது. வக்கீலும் பத்திரத்தைப் பார்த்துவிட்டார்.

திங்கள் மரீன் தெரு கான்சுலேட்டில் ஒன்பது மணிக்கே போய் நின்றோம். உள்ளே பேசியவர் ஒரு அம்மா, பொறுமையாகத்தான் பேசினார். முதலில் சேர்த்து, பிறகு தனியாக. அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், 14 மாதம் ஒன்றாக இல்லை, இதுதான் காரணம் என்று. "கோல் து ஃபெமூர்" நன்றாக வந்தது டீச்சர், "ஆந்த்ரப்போ" தொண்டையில் சிக்கிக்கொண்டது.

கவரை நீட்டினேன். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினார், சம்பளச் சீட்டைப் பார்த்தார். அதோடு நான் ஒரு கணக்கு நோட்டையும் வைத்திருந்தேன், எடுத்துப்போகலாமா வேண்டாமா என்று கடைசிவரை யோசித்தது. அந்த வருடம் அவர் அனுப்பிய பணம், ஃபிசியோவுக்கு 400, பால், டயப்பர் என்று தினமும் எழுதிய நீள நோட்டு. முழுக்கத் தமிழில். ஒவ்வொரு ஞாயிறும் கீழே ஒரு வரி, "அத்தை இன்று 6 அடி", "அத்தை 11 அடி", "வாசல் வரை". இரவு போனில் அவரிடம் சொல்வதற்காகக் குறித்தது. அது என்ன எண் என்று கேட்டார், மாமியார் நடந்த அடி என்றேன். கொஞ்ச நேரம் புரட்டினார், ஒரு பக்கம் முழுக்க பாப்பா ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டார்.

கணவரிடம் பாப்பா எந்த வகுப்பு என்று கேட்டிருக்கிறார்கள். யூகேஜி படிக்கிற பிள்ளையை எல்கேஜி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனிதர். மற்றதெல்லாம் சரியாகச் சொன்னாராம். சரித்திரம் ஒரு கேள்விகூட வரவில்லை.

கடைசியில் சேர்ந்து வாழ்கிறோம் என்ற உறுதிமொழியில் இரண்டு பேரும் அவர் முன்னாலேயே கையெழுத்து போட்டோம். என் அறிவிப்பிலும் கையெழுத்தாகிவிட்டது. இனி ரெசெபிசே, அப்புறம் ஒரு வருடக் காத்திருப்பு.

சொல்தா பேரன்:

சந்தோஷம் தங்கச்சி. ரெசெபிசே வந்ததும் நாலு நகல் எடுத்து வையுங்கள், வீட்டில் ஒன்று, கடலூரில் ஒன்று. பதிவான பிறகு ஒரு வருடத்துக்குள் சேர்ந்து வாழ்வது நின்றுபோனால் அதையே மோசடிக்கு அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள், மறுபடியும் கிடங்கு வேலை என்று கிளம்பினால் இந்தத் தடவை குடும்பத்தோடு கிளம்பட்டும்.

குருசுக்குப்பம் புது மருமகள்:

அக்கா, எனக்கு வருகிற வருடம்தான் ஐந்து வருடம் முடிகிறது. பி1 சர்டிபிகேட் இருக்கிறது, அது போதும்தானே?

லாஸ்பேட்டை ட்யூஷன் டீச்சர்:

போதாதும்மா. 2026 ஜனவரி 1இலிருந்து புதிதாகப் போடும் ஃபைலுக்கு பேச்சு, எழுத்து இரண்டிலும் பி2 வேண்டும். சூஃப்ரேன் தெருவில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற ஆலியான்ஸ் பிரான்சேஸில் அடுத்த தேர்வு எப்போது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

முத்தியால்பேட்டை மருமகள்:

என்னிடம் பி2 புத்தகம் ஒன்று இருக்கிறது, ஆசையில் வாங்கி மூன்றாம் பாடத்தோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்கு வந்தால் தருகிறேன். பாதிப் பக்கத்தில் பாப்பா வரைந்திருப்பாள், பரவாயில்லையா?

குருசுக்குப்பம் புது மருமகள்:

பரவாயில்லைக்கா. பத்து மணிக்கு வருகிறேன்.