மரத்தை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டச் சொல்லி எழுதிய மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

சென்னையில் அசோக் நகர் பக்கம் எங்கள் தெரு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று மயில்கொன்றை, ஓர் இயல்வாகை (மஞ்சளாகப் பூத்துக் கொட்டுமே, அதுதான்), எல்லாம் வேரோடு சாய்ந்தன. வேம்பும் புங்கமும் கிளை ஒடிந்து மொட்டையாகிவிட்டன, ஆனால் நின்றன. தூங்குமூஞ்சியும் தப்பித்தது. அப்புறம் 2022 ஜூனில் பக்கத்து கே.கே.நகரில் மரம் விழுந்து காரில் சென்ற ஒரு பெண் இறந்துபோனார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் மரத்தடியில் வண்டி நிறுத்துவதில்லை. என் மகள் ஸ்கூல் வேனுக்குக் காத்து நிற்பதும் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடிதான். கையெழுத்து கேட்டார்கள், யோசிக்காமல் போட்டேன்.

பொது இடத்து மரத்தை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. அனுமதிக்கு மாவட்ட பசுமைக் குழு வரை போக வேண்டும். அனுமதி வரட்டும், அதற்குள் கூலி எவ்வளவு ஆகும் என்று கேட்டு வைப்போம் என்று ஒரு மரம் வெட்டுபவரை வரவழைத்தோம். அறுபது வயதிருக்கும். மொபெட்டின் பின்னால் கயிற்றுச் சுருள். அரிவாளைத் திருப்பிப் பிடித்து அடிமரத்தைச் சுற்றி வந்து தட்டினார், ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள கெட்டியாத்தான் இருக்கு சார்" என்றார். பிறகு மதில் பக்கம் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, என்னையும் குனியச் சொன்னார்.

மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டியபோது அந்தப் பக்கத்து வேர்களை எல்லாம் வழித்து எடுத்திருந்தார்கள். சப்பாத்திக் கட்டை கனத்தில் ஏழெட்டு வேர் முனைகள், கறுத்துக் காய்ந்து கிடந்தன. "இந்தப் பக்கம் பிடிமானம் போச்சு. மேல பாருங்க, கம்பியில படுதுன்னு இதே பக்கம்தான் வருஷா வருஷம் கிளையையும் வெட்டுறாங்க. பாரம் மொத்தமும் ரோட்டுப் பக்கம். காலடியில சிமெண்டு, தண்ணி இறங்க வழியில்ல. இவ்வளவு நாள் நின்னதே பெரிசு."

இத்தனை வருடமாகத் தினமும் தாண்டிப் போகிற மரம். கம்பி பக்கம் கிளை இல்லை என்பதுகூட என் கண்ணில் பட்டதில்லை.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டோம். சொன்னதைச் செய்தோம், மாநகராட்சிக்குத் தெரிவித்துவிட்டுத்தான். ரோட்டுப் பக்கக் கிளைகளைக் கழித்துப் பாரத்தைச் சமன் செய்தார். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமெண்டைப் பெயர்த்து மண் போட்டோம். இந்த ஒரு மீட்டர் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. மரங்களைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை அந்த அளவுக்கு அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே தில்லி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. வீட்டுக்கு 400 ரூபாய் ஆயிற்று. மனுவைத் திரும்பப் பெற்றோம்.

அடுத்த புயலில் விழாது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. மழைக்காலத்தில் மட்டும் வேன் நிற்கும் இடத்தை நாலு வீடு தள்ளி மாற்றிவிட்டோம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. மனு எழுதும்போது இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை? உங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ஆட்டோ ஓட்டுபவர், வடசென்னை

சார், படிக்க நல்லாத்தான் இருக்கிறது. என் அண்ணன் வண்டி மேல் கிளை விழுந்தபோது புயலும் இல்லை, காற்றும் இல்லை. முந்தின நாள் மழை, அவ்வளவுதான். தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் வண்டி எடுக்கவில்லை. அது பட்டுப்போன மரம், அடியில் கரையான் புற்று. ஆறு மாதமாகத் தெருவே புகார் கொடுத்துக்கொண்டிருந்தது. நல்ல மரத்தை ரோடு போடுகிறோம் என்று ஒரே ராத்திரியில் வெட்டுகிறார்கள், செத்த மரத்துக்கு ஆள் வருவதில்லை. மரம் மரம் என்று பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பேசுங்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி

2018 நவம்பர் கஜா புயலில் எங்கள் தென்னை மொத்தமும் போனது. குளக்கரைப் பனைகள் மட்டும் அசையவில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கதை. வெள்ளம் வந்தால் கரை உடையும், பலப்படுத்த வேண்டும் என்று ஜேசிபி வந்தது. பனையைத் தொடவில்லை, தாழையையும் நாணலையும் வழித்துத் தள்ளிவிட்டு மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தினார்கள். பார்க்க அழகாக இருந்தது, சவரம் செய்த முகம் மாதிரி. முதல் பெருமழையில் புது மண் அத்தனையும் குளத்துக்குள். பழைய கரை எங்கே நின்றது தெரியுமா? ஜேசிபி போக முடியாமல் விட்ட மூலையில். இப்போது நாங்களே தாழை பதியம் போட்டுக்கொண்டிருக்கிறோம். பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்தார்கள், நல்லது. நாணலுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்

சாலையோரப் புளியமரத்தில் மோதி நொறுங்கிய வண்டிகளை நிறையப் பார்த்தவன் நான். அதனால் மரத்தை எடுத்துச் சாலையை அகலப்படுத்துவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி வண்டி ஓட்டும்போது அடிமரத்தில் அடித்த வெள்ளைப் பட்டைதான் எங்களுக்கு வழிகாட்டி. வரிசை எந்தப் பக்கம் ஒடிகிறதோ அந்தப் பக்கம் வளைவு. மரத்தை எடுத்தபின் அதே ரோட்டில் எல்லோரும் இன்னும் வேகமாகப் போகிறார்கள், நானும் போனேன். மரத்தில் எழுதியிருந்த நம்பர்கூட எனக்கு மனப்பாடம். ஒரு நம்பர் வந்தால் டீக்கடை வரப்போகிறது என்று அர்த்தம்.

மீண்டும் நான்

ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கு: நீங்கள் சொல்வது சரி, அதை நான் விட்டுவிட்டேன். எங்கள் தெரு நடுவில் ஒரு வேம்பு பட்டுப்போய் நிற்கிறது, அதே மரம் வெட்டுபவர் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதை வெட்டச் சொல்லிப் போன மாதம் மனு கொடுத்தோம். இந்த முறை முதல் கையெழுத்து என்னுடையது. இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை.