தேங்காய் குறைத்துச் சமைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் நாகர்கோவில். என் கணவருக்கு 46 வயது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 246, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 42, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 180. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. "மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள், அப்புறம் மாத்திரை வேண்டுமா என்று பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

சிக்கல் எங்கள் அடுப்படியில்தான். அவியல், தீயல், மீன் குழம்பு எல்லாவற்றிலும் தேங்காய். தாளிக்கத் தேங்காய் எண்ணெய். அதில் சுமார் 90 சதவீதம் எல்டிஎல்லைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. சரி என்று கடலை எண்ணெய்க்கு மாறினேன். மாமியார் அவியலை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது என்ன மக்களே, கூட்டா?" என்றார்.

ஓட்ஸும் வாங்கினேன். அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் போனால் எல்டிஎல் குறையுமாம். கணவரோ இரண்டு கரண்டியோடு, "போஸ்டர் ஒட்டுகிற பசை" என்று தள்ளிவிட்டார். பார்லியிலும் அதே நார்ச்சத்து உண்டு. தோசை மாவில் பார்லி கலந்து அரைப்பவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு?

இன்னொன்று, சாளை மீன் குழம்பு. தேங்காய் அரைக்காமல் வைத்தால் புளித்தண்ணீராக நிற்கிறது. கெட்டியாக என்ன சேர்ப்பீர்கள்?

மூலிகைப் பொடி விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். சாப்பாட்டிலேயே குறைத்தவர்கள், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று எண்ணோடு சொல்லுங்கள். என் கணவர் வங்கிக்காரர், என் பேச்சைவிட எண்களைத்தான் நம்புவார்.