உறைபனியும் மழையும்: வீட்டு வானிலைக் கருவிகளோடு எங்கள் குழுவின் அனுபவம்

கேத்தி உறுப்பினர்:
நீலகிரி மாவட்டத்தின் கேத்திப் பள்ளத்தாக்கில் ஓடையோரமாக எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் சென்சார் ஒன்றைத் திண்ணைச் சுவரில் பொருத்தினேன். ஒருநாள் அதிகாலையில் அது 5 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்க, ஓடையோரச் செடிகள் முழுவதும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. இரண்டே நாளில் கொழுந்து கருகிவிட்டது.

கருவியில் கோளாறு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. பகலெல்லாம் வெயில் வாங்கிய சுவர் இரவில் அந்தச் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, மேலே உள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் கனத்து, சரிவில் தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியை ஆள் மார்பளவு உயரத்தில், காற்றோட்டமுள்ள நிழற்கூட்டுக்குள் வைப்பார்கள். அந்த அளவு எங்கள் புல்மட்டத்துக்கும் பொருந்தும் என்று நான் நம்பியிருந்தது பெரும் பிழை. இப்போது நீர்புகாத சென்சாரைப் பள்ளத்திலேயே, செடியின் மேல்மட்டத்தில் வைத்திருக்கிறேன். எச்சரிக்கை வந்ததும் நானும் என் மனைவியும் எழுந்து, செடிகளைக் காக்க நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடுகிறோம். வெயில் ஏறிப் பனி உருகும்வரை நிறுத்துவதில்லை. கீழ்த் தோட்டத்துக்காரர்களும் பார்க்கட்டும் என்று சென்சார் காட்டும் அளவை இணையத்தில் பொதுவில் திறந்து வைத்திருக்கிறேன்.

குன்னூர் உறுப்பினர்:
அண்ணா, எனக்கு மழை இதே பாடத்தைக் கற்றுத்தந்தது. எங்கள் மாடியில் இருக்கும் மழைமானியின் உள்ளே இரு சிறு கிண்ணங்கள் மாறி மாறி நிரம்பிச் சாயும். ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர் கணக்கு. வடகிழக்குப் பருவமழையில் ஒருநாள் கூரை அதிரக் கொட்டியபோது, அதன் அளவைப் பொதுவில் காட்டும் இணைய வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கு நேரே சுழியம் என்றே இருந்தது. சில்வர் ஓக் இலையொன்று புனலை அடைத்திருந்தது. 2009 நவம்பரில் உங்கள் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்ததையும், மண்சரிவில் உயிர்கள் போனதையும் கண்ட மாவட்டம் இது. அப்படியிருக்க, பொய்யான சுழியத்தைப் பிறர் நம்பும்படி வைத்தது இன்றும் என்னை உறுத்துகிறது. அன்றுமுதல் 'மழை இல்லை' என்பதையும் 'பதிவு இல்லை' என்பதையும் வெவ்வேறாகக் குறிக்கிறேன். மின்சாரம் போனால் அளவுகள் மெமரி கார்டில் சேரும்படியும் செய்திருக்கிறேன்.

புதியவர்களுக்கு ஒன்று: வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. என் கருவியோ நள்ளிரவில் நாளை மாற்றிக்கொண்டிருந்தது. இது தெரியாமல், இரு அளவுகளும் ஒத்துப்போகவில்லையே என்று ஒரு மாதம் கருவியையே சந்தேகித்தேன்.

கொடைக்கானல் உறுப்பினர்:
தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தையும் வானிலை அளவுகளோடு சேர்த்துப் பொதுவில் வைத்திருந்தேன். மட்டம் ஒரு வாரம் அசையாமல் நின்றால் வீடு பூட்டிக் கிடப்பது ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பிறகே உறைத்தது. இப்போது வெப்பநிலையும் மழையும் மட்டும் பொதுவில் இருக்கின்றன. இருப்பிடமும் வீட்டளவில் இல்லை, தெருவளவில்தான். கேத்தி அண்ணா, ஏரிக்கு அருகே உறைபனி பார்க்க ஒரு சென்சார் வைக்கப்போகிறேன். அங்கே வெறும் புல்தான்; தரையிலிருந்து எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும்?