எக்ஸ்-கதிர் வெடிப்பு பதிவாகியிருக்கிறது, ஒளிப்படத்தில் எதுவும் இல்லை. அடுத்து எங்கே தேடுவது?

நந்தினி: வணக்கம். ஐன்ஸ்டைன் ப்ரோப் செயற்கைக்கோளின் அகலப்பார்வைக் கருவி ஒரு குறுகிய எக்ஸ்-கதிர் வெடிப்பைப் பிடித்தது. வெடித்த இடம் இருக்கக்கூடிய பிழை வட்டத்தின் ஆரம் 3 ஆர்க்மினிட் (60 ஆர்க்மினிட் ஒரு டிகிரி, 60 ஆர்க்செகண்ட் ஒரு ஆர்க்மினிட்). 9 மணி நேரம் கழித்து எங்கள் 1 மீட்டர் தொலைநோக்கியில், சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஆர் ஃபில்டரில் படம் எடுத்தோம். 21.5 மேக்னிட்யூட் வரை தெரிகிறது (எண் கூடினால் ஒளி மங்கல்). அதிலிருந்து பான்-ஸ்டார்ஸ் என்ற வான் கணக்கெடுப்பின் பழைய படத்தைக் கழித்துப் பார்த்தால் புதிய புள்ளி இல்லை. ஒரு சிவப்பு விண்மீன் இருக்கும் இடத்தில் மட்டும் பாதி கருப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு திட்டு. அது நாங்கள் தேடுவதாக இருக்குமா? இன்றிரவும் நேரம் கிடைத்திருக்கிறது.

துருவன்: மற்ற விண்மீன்களிலும் அதே திட்டு இருக்கிறதா? எல்லாவற்றிலும் இருந்தால் படங்கள் சரியாகப் பொருந்தவில்லை. அது ஒன்றில் மட்டும் என்றால், பான்-ஸ்டார்ஸ் படம் எடுத்த காலத்திலிருந்து அந்த விண்மீனே நகர்ந்திருக்கிறது. அப்படி நகர்வது தெரிந்தால் அது நமக்குப் பக்கத்தில் இருக்கும் விண்மீன். கையா செயற்கைக்கோளின் விண்மீன் பட்டியலில் இடமாறு (தொலைவைக் காட்டும் அளவு) பாருங்கள். பக்கத்துச் சிவப்புக் குறுமீனின் தீச்சுடரும் இதே மாதிரி எக்ஸ்-கதிர் வெடிப்பைத் தரும். தொலைதூர கேலக்ஸி என்று நம்பித் தேடுபவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

நந்தினி: அது ஒன்றில் மட்டும்தான் அண்ணா. கையாவின்படி பக்கத்து விண்மீனேதான். அப்போ வெடித்தது அதுவா?

துருவன்: அவசரப்பட வேண்டாம். 3 ஆர்க்மினிட் வட்டத்தில் ஒரு குறுமீன் தற்செயலாகவே வந்து விழலாம். அதே செயற்கைக்கோளின் பின்தொடர் தொலைநோக்கி தரும் இடத்துக்குக் காத்திருங்கள். ஆரம் 10 ஆர்க்செகண்டாகக் குறைந்தால் தேட வேண்டிய பரப்பு 324 மடங்கு சுருங்கும்.

நந்தினி: இப்போதுதான் வந்தது. அந்த விண்மீனிலிருந்து 40 ஆர்க்செகண்ட் தள்ளி இருக்கிறது. அங்கே ஆர் படத்தில் ஒன்றுமே இல்லை.

செல்வி: அப்படியானால் ஆர் ஃபில்டரை விட்டுவிட்டு, அதைவிட நீண்ட அலைநீளத்தைப் பார்க்கும் ஐ, இசட் இரண்டிலும் எடுங்கள். 2024 மார்ச் 15-இல் ஐன்ஸ்டைன் ப்ரோப் பிடித்த ஈபி240315ஏ வெடிப்பை நினைவில் வையுங்கள். அதன் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 4.859. அந்தத் தொலைவில் ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடு 1216 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்திலிருந்து 7120-க்கு வந்துவிடும். அதைவிடக் குறுகிய அலைநீள ஒளியை வழியில் உள்ள ஹைட்ரஜன் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆர் ஃபில்டர் பார்ப்பது சரியாக அந்தப் பகுதியைத்தான். இசட்டில் சிசிடியின் (கேமராவின் ஒளி உணரியின்) உணர்திறன் குறையும், அதனால் நிறைய படங்கள் எடுத்துச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, கேலக்ஸியின் நடுவில் மட்டும் தேடாதீர்கள். ஈபி240414ஏ என்ற இன்னொரு வெடிப்பு, அதன் கேலக்ஸி மையத்திலிருந்து சுமார் 26 கிலோபார்செக் (ஏறத்தாழ 85,000 ஒளியாண்டு) தள்ளித்தான் வெடித்தது.

நந்தினி: சரி அக்கா, இன்று முதலில் ஐ, அப்புறம் இசட். ஒன்றும் கிடைக்காவிட்டால்?

செல்வி: அப்போதும் ஜிசிஎன்-க்கு (இப்படிப்பட்ட வெடிப்புகளை வானியலாளர்கள் உடனுக்குடன் பகிரும் வலையமைப்பு) சுற்றறிக்கை அனுப்புங்கள். எந்த நேரம், எந்த ஃபில்டர், எத்தனை மேக்னிட்யூட் வரை எதுவும் தெரியவில்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அகச்சிவப்பில் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த வரி வேண்டும். முதல் இரவின் ஆர் அளவையும் இன்றே அனுப்பிவிடுங்கள்.