உப்பு ரோட்டுக்குப் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு: ஹைபிரிட் வாங்கும் முன் வண்டியின் அடியைப் பாருங்கள்

இரண்டு வாரமாக லீவுக்கு வந்து மண்டபத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்று ராத்திரி சின்னம்மா மகன் கனடாவிலிருந்து கூப்பிட்டான். அவன் போய் நாலு மாதம்தான் ஆகிறது. பிராம்ப்டனில் வாடகை வீடு, பிள்ளைக்கு ஒன்றரை வயசு, பனி விழுவதற்குள் கார் எடுத்தாக வேண்டும். "அண்ணே, ஹைபிரிட் எடுக்கவா, சாதா பெட்ரோல் வண்டியே போதுமா?" என்று கேட்டான். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி என்று நம் கரையிலிருந்து டொராண்டோ பக்கம் வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதுதான், அதனால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் பதில்: ஹைபிரிட்டே, அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வண்டியையே எடுங்கள். ஆனால் விலையும் மைலேஜும் பேசுவதற்கு முன்னால் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடியைப் பாருங்கள்.

ஏன் என்று நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கடல் உப்பைச் சுமந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வாசலில் நிறுத்திய சைக்கிள் செயின் என்ன ஆகும் என்று தெரிந்து வளர்ந்தவர்கள் நாம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை எத்தனை தடவை பெயின்ட் அடித்துக் காப்பாற்றினார்கள், கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். கனடாவில் கடல் பக்கத்தில் இல்லாத ஊரிலும் அதே உப்புதான், ரோட்டில் பனிக்கட்டி உறையாமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டுகிறார்கள். உருகிய பனியோடு அது சேறாகி வண்டியின் அடியில் அப்பிக்கொள்ளும். துபாய், சவூதியில் சில வருஷம் இருந்துவிட்டு வருகிறவர்கள் ஏசியை நன்றாகப் பார்ப்பார்கள், அடியைப் பார்க்க மாட்டார்கள்.

நான் எடுத்தது மூன்று வருஷம் ஓடிய வண்டி. பாம்பனில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிற என் மாமா, பழைய பைக் வாங்குகிறவர்களுக்காகப் பார்க்கப் போனால் சின்ன ஸ்பேனரால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல இரும்பு ணங்கென்று கேட்கும், உள்ளே அரித்த இரும்பு தொப்பென்று அமுங்கிக் கேட்கும். அதையே நான் கனடாவில் மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்தேன். முதலில் பார்த்த வண்டியின் பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தில் தட்டியபோது செதில் செதிலாகத் துரு உதிர்ந்து என் சட்டைக் கையில் விழுந்தது, மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளப்பு. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது வண்டியில் மேலாகக் கொஞ்சம் பழுப்பு படிந்திருந்தது, விரலால் துடைத்தால் போகிற அளவு. அதை எடுத்தேன். டீலருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஹைபிரிட்டில் தனியாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் நாலு சக்கர டிரைவ் வண்டியில் முன்னாலிருந்து பின்னுக்குச் சுழலும் ஷாஃப்ட் கிடையாது, பின் சக்கரங்களுக்குத் தனி மோட்டார். அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள் வண்டியின் அடியில் ஓடுகிறது. 2019 முதல் வந்த மாடல்களில் அந்தக் கேபிள் மோட்டாரில் சேருமிடத்தில் உப்புத்தண்ணீர் இறங்கி அரித்து, மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் நிலை வந்தது, பிறகு கம்பெனியே அந்தக் கேபிளுக்கு வாரண்டியை நீட்டித்தது. ஆகவே அந்த வருஷத்து வண்டி பார்த்தால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கேபிள் மாற்றியிருக்கிறார்களா, இந்த வண்டிக்கு இன்னும் வாரண்டி இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆரஞ்சு கேபிள் எதையும் நீங்கள் தொடவே வேண்டாம், அது உயர் மின்னழுத்தம். ஹோண்டா சிஆர்-வி, ஹூண்டாய் டூசான் ஹைபிரிட்களில் பின் சக்கரத்துக்கு ஷாஃப்ட்தான் போகிறது, இந்தக் கேபிள் கவலை அவற்றில் இல்லை.

அப்புறம் பிரேக். ஹைபிரிட்டில் வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரியை சார்ஜ் செய்கிறது, அதனால் பிரேக் பேட் ரொம்ப நாள் வரும் என்று டீலர் சந்தோஷமாகச் சொல்வார். உண்மைதான், ஆனால் உரசாமலே கிடக்கிற டிஸ்க்கில் உப்பு உட்கார்ந்து, டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பர் இறுகிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். குளிர் தொடங்கும் முன், வருஷாவருஷம், அடியில் ஆயில் ஸ்பிரே அடிக்கிற கடைகளும் உண்டு. நம்மூரில் வேன்காரர்கள் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசுவார்களே, அதே யோசனைதான், கொஞ்சம் சுத்தமான ஆயில்.

காசுக்கு வருவோம். ராவ்4 ஹைபிரிட் நூறு கிலோமீட்டருக்கு சுமார் 6 லிட்டர், 2025 மாடல் வரை வந்த அதே வண்டி சாதா பெட்ரோலில் சுமார் 8 லிட்டர் என்று அரசாங்கக் கணக்கு. வருஷம் 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் 400 லிட்டர் மிச்சம். லிட்டர் ஒன்றரை டாலர் என்று வைத்தால் 600 டாலர். இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 3,000 என்றால் ஐந்து வருஷத்தில் கைக்கு வந்துவிடும், 6,000 என்றால் யோசிக்க வேண்டும். பக்கத்திலேயே வேலை, ரயிலில் போய்வருகிறவர், வாரம் ஒரு நாள் கடைக்கு மட்டும் வண்டி எடுப்பவர் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. ஜனவரியில் மைலேஜ் இறங்கும், பயப்படாதீர்கள். உள்ளே சூடு வேண்டுமென்றால் இன்ஜின் ஓடியாக வேண்டும், அதிலும் பத்து நிமிஷ ஓட்டத்தில் இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்.

பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கனடாவில் டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 2020 மாடலிலிருந்து 10 வருஷம் அல்லது 2,40,000 கிலோமீட்டர் வாரண்டி. நாம் செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். பின் சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குக் காற்று போகிற ஜன்னல் இருக்கிறது, பிள்ளைகள் பிஸ்கட்டும் முறுக்கும் உதிர்க்கிற இடமும் அதுவே. அதை அடைக்கிற மாதிரி பை, போர்வை எதுவும் வைக்காதீர்கள், அதன் ஃபில்டரை அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து போன ஒரு தங்கை, வீட்டு பிளக்கில் சொருகி சார்ஜ் செய்கிற பிளக்-இன் ஹைபிரிட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். ராத்திரி சொருக உங்களுக்கென்று ஒரு பிளக் இருந்தால் எடுங்கள். பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு ராத்திரியும் கேட்கிற நிலைமை என்றால் வேண்டாம்மா.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். பிள்ளையின் கார் சீட்டை எடுத்துப்போய்ப் பின்பக்கம் பார்த்து மாட்டுங்கள், மாட்டினால் முன் சீட் எவ்வளவு முன்னே வருகிறது, அதில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு உயரமான வண்டி வேண்டும் என்று முடிவானதே அம்மா வந்தபோதுதான். நண்பரின் தாழ்வான காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார், எழும்போது இரண்டு பேர் கைகொடுத்தோம். எங்கள் வண்டியில் சீட் அவர் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பினால் போதும். மூட்டு வலிக்காரர்கள் ஊரிலிருந்து வருவார்கள் என்றால் இது மைலேஜைவிட முக்கியம்.

விலை பேசும்போது "இரண்டு வாரத்துக்குத் தவணை இவ்வளவுதான்" என்பார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள், மொத்தம் எவ்வளவு, வட்டியோடு எவ்வளவு, 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். டொராண்டோ, பிராம்ப்டன் எல்லாம் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் டீலரிடம் கையெழுத்துப் போட்டபின் மனசு மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது, ஆகவே அன்றைக்கே போடாமல் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து போடுங்கள். கையெழுத்துக்கு முன்னே இன்சூரன்ஸ் விலையும் கேட்டு வையுங்கள், வீட்டு போஸ்டல் கோடு மாறினாலே தொகை மாறும். வின்டர் டயருக்கும் தனியாகக் காசு ஒதுக்குங்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதா டயர் ரப்பர் இறுகிப்போகும், ஒன்டாரியோவில் வின்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸிலும் தள்ளுபடி தர வேண்டும்.

லீவுக்கு ஊர் வரும்போது ஒரு விஷயம். ஹைபிரிட்டிலும் சாதா 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது, அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் வண்டி உயிர் பெறாது. போன தடவை ஐந்து வாரம் இங்கே இருந்துவிட்டு, பிள்ளைகளோடு நடுராத்திரி திரும்பிப் போய் நின்றபோது கதவே ரிமோட்டில் திறக்கவில்லை. இந்தத் தடவை வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் ஓட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னும் ஊரிலேயே இருப்பவர்கள், விசா வந்து கிளம்பத் தயாராக இருப்பவர்கள், ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்தில் உங்கள் லைசென்ஸ் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று சான்று வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவத்தை ஒழுங்கான சான்றோடு காட்டினால், ஒன்டாரியோவில் எழுத்துத் தேர்வும் கண் பரிசோதனையும் முடித்து நேரே முழு லைசென்ஸுக்கான ஜி ரோடு டெஸ்டுக்குப் போகலாம். நேற்று கூப்பிட்ட தம்பி அந்தச் சான்று இல்லாமல் போய்விட்டான், அதற்காகத்தான் நாளைக் காலையில் நான் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுகிறேன்.