டிரிப் காபி மேக்கரில் தண்ணீர் ஏறவில்லை, நீராவிதான் வருகிறது: உதவி தேவை

செவ்வானம்:
தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் கடமுடவென்று சத்தம் வருகிறது, மூடியின் இடுக்கில் நீராவி பீறிடுகிறது. தண்ணீர் மட்டும் தொட்டியிலேயே நிற்கிறது. சொட்டுச் சொட்டாக இறங்கும் காபியும் ஒரே கசப்பு. குடுவை வைக்கும் தட்டு நன்றாகச் சுடுகிறது. பம்ப் போய்விட்டதா? பம்பை மட்டும் மாற்ற முடியுமா?

கற்பூரவல்லி:
பம்பைத் தேடாதீர்கள், இந்த வகை இயந்திரத்தில் பம்பே கிடையாது. தட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் லாடம்போல வளைந்த அலுமினியக் குழாயும், அதோடு ஒட்டிய ஹீட்டரும் தெரியும். குழாய்க்குள் தண்ணீர் கொதிக்கும்போது எழும் குமிழ்கள் வெந்நீரைச் சிறிது சிறிதாக மேலே தள்ளுகின்றன. அது தொட்டிக்கே திரும்பாதபடி ஒருவழி வால்வு ஒன்று தடுக்கிறது. தட்டைச் சூடாக்குவதும் அதே ஹீட்டர்தான். தட்டு சுடுகிறது என்றால் ஹீட்டரில் குறையில்லை. ஒன்று குழாயில் உப்புப் படிந்திருக்க வேண்டும், இல்லையேல் வால்வு சிக்கியிருக்க வேண்டும்.

செவ்வானம்:
பம்ப் இல்லை என்றால், மலிவாகச் செய்ய வேண்டுமென்றே விட்டுவிட்டார்களா?

பழம்பாத்திரம்:
மலிவுதான், ஆனால் மட்டமான வேலை அல்ல. மின்சார டிரிப் இயந்திரத்துக்கு ஜெர்மனியின் கோட்லோப் விட்மன் 1954இல் காப்புரிமை பெற்றார். அதன் பெயர் விகோமாட். அமெரிக்க வீடுகளில் பெர்கோலேட்டரை ஓரங்கட்டியது 1972இல் வந்த மிஸ்டர் காபி என்ற டிரிப் இயந்திரம். பெர்கோலேட்டர் வடிந்த காபியையே மீண்டும் மீண்டும் கொதிக்கவைத்துப் பொடிமேல் ஊற்றும். டிரிப்பில் வெந்நீர் பொடியை ஒரே முறைதான் கடக்கிறது. உங்கள் இயந்திரத்தில் அந்த நீர் தேங்கித் தேங்கி இறங்குவதால் பொடியின் கசப்பெல்லாம் கூடவே வந்துவிடுகிறது.

கற்பூரவல்லி:
உப்பை நீக்கும் செய்முறை இதுதான். ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் கலந்து தொட்டியில் ஊற்றி ஓட்டுங்கள். பாதி ஏறியதும் அணைத்து அரை மணி நேரம் விடுங்கள், பிறகு மீதியை ஓட்டுங்கள். வாடை போகும்வரை வெறும் தண்ணீர் ஓட்ட வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால் மின்இணைப்பைப் பிடுங்கி, ஆறவிட்டு, தொட்டியின் அடித்துளையை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்.

செவ்வானம்:
வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் கொட்டின! தண்ணீர் இப்போது சரசரவென்று ஏறுகிறது. புதுத் தொல்லை: பொடி போடும் கூடையில் ஒரு பக்கம் வழிந்து, காபியில் பொடி மிதக்கிறது.

பழம்பாத்திரம்:
வடிகட்டிக் காகிதம் சரிந்திருக்கும். காகித வடிகட்டியைக் கண்டுபிடித்த மெலிட்டா பென்ட்ஸ், ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1908இல் மகனின் நோட்டிலிருந்த மையொற்றும் தாளை வெட்டி, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் போட்டபோது இந்தச் சிக்கல் இல்லை. கூம்பு வடிவம் வந்த பிறகுதான் ஓரத்தில் அழுத்தி இணைத்த விளிம்பு வந்தது. அடிவிளிம்பை ஒரு பக்கமும் பக்கவிளிம்பை எதிர்ப்பக்கமும் மடித்து, வெந்நீரால் நனைத்துக் கூடையில் ஒட்டவையுங்கள்.

கற்பூரவல்லி:
பொடி மாவாக இருந்தால் மடிப்பு சரியாக இருந்தும் அடைத்துக்கொள்ளும். சற்றுக் கொரகொரப்பாக அரையுங்கள். கூடையின் அடியில் உள்ள சொட்டுத்தடுப்பு வால்வையும் பாருங்கள். குடுவை முழுதாக உள்ளே போகாவிட்டால் அது திறக்காது.